ஊசி எங்கே உதவும், எங்கே உதவாது

தம்பலகாமத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு 61 வயது. இரண்டு முழங்காலிலும் வலி, நாரிப்பிடிப்பும் இருக்கிறது. பத்து வருடமாக நீரிழிவுக்கு மாத்திரை எடுக்கிறார். திருகோணமலை நகரில் ஓர் அக்குபஞ்சர் நிலையத்துக்குக் கூட்டிச் சென்றேன். முழங்கால், நாரி, நீரிழிவு, பிரஷர் எல்லாமே ஊசியால் மாறும், மூன்று மாதத்தில் மாத்திரைகளை நிறுத்திவிடலாம் என்றார்கள். நம்பலாமா? உண்மையில் எந்தெந்த வருத்தங்களுக்கு அக்குபஞ்சர் உதவும்?"

தம்பி, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் நீரிழிவு மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம். பிரஷர் மாத்திரை எடுக்கிறார் என்றால் அதையும் நிறுத்த வேண்டாம். முழங்காலுக்கும் நாரிக்கும் ஊசி போடுவதை நான் தடுக்கமாட்டேன். எப்படிப் போடுவது, எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதைக் கீழே எழுதுகிறேன். ஆனால் நீரிழிவை ஊசி மாற்றும் என்ற பேச்சு பொய். அந்தப் பொய்க்கு மனிதர்கள் காலைக் கொடுத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பல வருடங்களுக்கு முன் ஒரு தாய் என்னிடம் வந்தார். இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தவர். யாரோ ஊசி வைத்தியம் செய்பவர் சொன்னதை நம்பி நான்கு மாதம் இன்சுலினை விட்டுவிட்டார். உடம்பு மெலிந்தபோது "கெட்ட நீர் வெளியேறுகிறது" என்று அவருக்கு விளக்கம் சொல்லப்பட்டதாம். காலில் செருப்பு உரசி வந்த சிறு புண் அவருக்குத் தெரியவே இல்லை, ஏனென்றால் பாதம் மரத்துப்போயிருந்தது. என்னிடம் வந்த அன்று பெருவிரல் கறுத்திருந்தது. சத்திரசிகிச்சையில் பாதி பாதத்தை எடுத்துத்தான் உயிரைக் காக்க முடிந்தது. அவர் என்னைப் பார்த்து, "ஊசிதானே ஐயா, என்ன தீமை செய்யும் என்று நினைத்தேன்" என்றார். ஊசி அவருக்கு ஒரு தீமையும் செய்யவில்லை. நிறுத்திய மருந்துதான் செய்தது.

இதைச் சொல்லும் நான் ஊசிக்கு எதிரானவன் அல்லன். அரச வைத்தியசாலைகளில் வைத்தியராக முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவன். அதில் பெரும்பகுதி இந்த மாவட்டத்திலேதான். அக்குபஞ்சரையும் முறையாகக் கற்றிருக்கிறேன். எங்கள் நாட்டில் இந்தச் சிகிச்சையைப் பரவலாக்கியவர்களில் முதன்மையானவர் பேராசிரியர் அன்ரன் ஜயசூரிய. களுபோவிலையிலுள்ள கொழும்பு தெற்கு வைத்தியசாலையில் அவர் நடத்திய கிளினிக்கில் காசு வாங்காமல் ஊசி போட்டார்கள். மூட்டு வருத்தக்காரர்கள் காலையிலேயே வரிசையில் நிற்பார்கள். வெளிநாடுகளிலிருந்து வைத்தியர்கள் வந்து கற்றுப் போவார்கள். அந்தக் காலத்தில் நாங்கள் நம்பிய சிலவற்றைப் பின்னால் வந்த ஆய்வுகள் உறுதி செய்தன, பலவற்றைத் தள்ளிவிட்டன. இரண்டையும் நோயாளிக்குச் சொல்லுவது வைத்தியரின் கடமை என்றே நினைக்கிறேன்.

இந்த ஊசி மருந்து ஏற்றும் ஊசி போன்றதல்ல. உள்ளே துளை கிடையாது. தடிப்பு கால் மில்லிமீற்றர் அளவுதான். தோலுக்குள் இறக்கி, இருபது முப்பது நிமிடம் விட்டு எடுப்பார்கள். உடம்பில் 'சீ' என்ற ஆற்றல் நாடிகளின் வழியே ஓடுகிறது, அது தடைப்படும்போது நோய் வருகிறது, ஊசி அந்தத் தடையை நீக்குகிறது என்பது சீன மருத்துவத்தின் விளக்கம். உலக சுகாதார நிறுவனம் பெயரும் எண்ணும் கொடுத்து ஒழுங்குபடுத்திய புள்ளிகள் மட்டும் 361. எங்களுடைய சித்த மருத்துவத்தில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று 108 வர்மங்கள் இருக்கின்றன. இரண்டும் ஒன்றுதான் என்று பலர் மேடையில் பேசுகிறார்கள். சில இடங்கள் ஒத்துப்போகின்றன, அவ்வளவுதான். கணக்கும் வேறு, கையாளும் முறையும் வேறு. திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் கற்பிக்கிறார்கள். ஐயம் இருப்பவர்கள் அங்கே படித்து வந்த வைத்தியர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

'சீ' என்று ஒன்று ஓடுவதை எந்தக் கருவியும் இதுவரை காட்டவில்லை. ஆனால் ஊசி குத்தும்போது உடம்பில் ஒன்றும் நடக்கவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. மூளை தானாகவே சுரக்கும் வலிநீக்கிகள் உண்டு. எண்டோர்பின் என்று அவற்றைச் சொல்வோம். அபின் வகை மருந்துகளை முறிக்கும் நலொக்சோன் என்ற மருந்தைக் கொடுத்தால் ஊசியின் வலிநீக்கமும் குறைகிறது என்பதை 1970களிலேயே கண்டார்கள். அப்படியென்றால் ஊசி அந்த இயற்கை வலிநீக்கியைத் தட்டி எழுப்புகிறது என்று பொருள். 2010இல் எலிகளில் செய்த ஓர் ஆய்வில், ஊசி குத்திய இடத்தைச் சுற்றி அடெனோசின் என்ற பொருள் பெருகி அங்குள்ள வலி நரம்புகளைத் தணிப்பது தெரிந்தது. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தெளிவாகும். ஊசி தொடுவது நரம்பு மண்டலத்தை. ஆகவே நரம்பு மண்டலத்தின் வேலையான வலியிலும் குமட்டலிலும் அது பயன் தருகிறது. கணையத்தில் இன்சுலின் சுரக்காமல் போனதை அது சரிசெய்வதில்லை.

அம்மாவின் நாரிக்கு வருவோம். நாரி வலிக்கு ஊசி பயன்படுமா என்று உலகில் செய்த ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஜெர்மனியில் நடந்து 2007இல் வெளியான ஒன்று. நீண்டகால நாரி வலியுள்ள 1162 பேரை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்குச் சீன முறைப்படி சரியான புள்ளிகளில் ஊசி. இன்னொரு கூட்டத்துக்குப் புள்ளியே இல்லாத இடங்களில் மேலோட்டமாக ஊசி; அவர்களுக்கு அது தெரியாது. மூன்றாவது கூட்டத்துக்கு மருந்து, பிசியோதெரபி, பயிற்சி என்ற வழமையான சிகிச்சை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, சரியான ஊசி போட்டவர்களில் 47.6 வீதத்தினருக்கு நல்ல முன்னேற்றம். போலி ஊசி போட்டவர்களில் 44.2 வீதம். வழமையான சிகிச்சையில் 27.4 வீதம் மட்டுமே.

இந்த மூன்று எண்களையும் ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். ஊசி ஆதரவாளர்கள் முதலாவதையும் மூன்றாவதையும் மட்டும் காட்டுவார்கள். எதிர்ப்பவர்கள் முதலாவதையும் இரண்டாவதையும் மட்டும் காட்டுவார்கள். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது இதுதான்: ஊசி போட்டுப் படுத்திருக்கும் அந்த அரை மணி நேரம், தொடுகை, கவனிப்பு, எதிர்பார்ப்பு, தோலில் ஏறும் சிறு குத்து எல்லாம் சேர்ந்து நாரி வலியைக் குறைக்கின்றன, எந்தப் புள்ளி என்பது நாங்கள் படித்த அளவுக்கு முக்கியம் இல்லை. வயலில் நாற்று நட்டு நாரி முறிந்து வருகிற பெண்ணுக்கு, வலி குறைந்தால் போதும், காரணம் பிறகு என்று சொல்வேன். ஆனால் "இது ஈரல் புள்ளி, இது சிறுநீரகப் புள்ளி" என்று சுவரில் படம் தொங்கவிட்டு உறுப்புகளையே மாற்றுவதாகச் சொல்பவர்களுக்கு இந்த எண்கள் இடம் கொடுக்கவில்லை.

நாடுகள் எடுத்த முடிவுகளும் இந்தக் குழப்பத்தைக் காட்டுகின்றன. ஜெர்மனியில் 2007 முதல் நாரி வலிக்கும் முழங்கால் தேய்வுக்கும் காப்புறுதியில் ஊசி கிடைக்கிறது. இங்கிலாந்தின் வழிகாட்டி 2016இல் நாரி வலிக்கு ஊசி வேண்டாம் என்றது. போலி ஊசியைவிடப் பெரிய வேறுபாடு இல்லை என்பதே காரணம். அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2017இல் ஊசியை முயன்று பார்க்கலாம் என்றது. உலக சுகாதார நிறுவனமும் 2023இல் நீண்டகால நாரி வலிக்கான வழிகாட்டியில் ஊசிச் சிகிச்சையை, கட்டாயமாக அல்ல, ஒரு தெரிவாகச் சேர்த்தது. ஒரே ஆய்வுகளைப் படித்தவர்கள் இப்படி வேறுபட்டு நிற்கிறார்கள் என்றால், வேறுபாடு உண்மையிலேயே சிறியது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லா நாரி வலியும் ஊசிக்கு உரியது அல்ல. காலில் பலம் குறைவது, சிறுநீர் மலம் கட்டுப்படாமல் போவது, தொடையிடுக்கு மரத்துப்போவது, காய்ச்சல், காரணமில்லாமல் மெலிவது, விழுந்தபின் வந்த வலி, முன்பு புற்றுநோய் இருந்தவருக்கு வந்த வலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் நேராக வைத்தியசாலைக்குப் போக வேண்டும். இதைக் கேட்காமல் கட்டிலில் ஏற்றி ஊசி குத்துபவரிடம் எவ்வளவு கைராசி இருந்தாலும் போகாதீர்கள்.

முழங்காலில் நிலைமை கொஞ்சம் வேறு. அம்மாவின் வயதில், வயலில் நின்றும் குந்தியிருந்தும் வேலை செய்தவருக்கு இரண்டு முழங்காலிலும் வலி என்றால் பெரும்பாலும் மூட்டுத் தேய்வாகத்தான் இருக்கும். 2005இல் வெளியான இன்னொரு ஜெர்மன் ஆய்வில், எட்டு வாரத்தில் 12 முறை ஊசி போட்டவர்களுக்கு வலி தெளிவாகக் குறைந்தது. போலி ஊசியைவிடவும் நன்றாகக் குறைந்தது. ஒரு வருடம் கழிந்தபோது அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. தேய்ந்த குருத்தெலும்பை ஊசி வளர்ப்பதில்லை, வலியைத்தான் கொஞ்சக் காலம் தணிக்கிறது. இங்கிலாந்து 2022இல் மூட்டுத் தேய்வுக்கு ஊசியைப் பரிந்துரைக்க மறுத்தது. அமெரிக்காவின் மூட்டு வைத்தியர்கள் 2019இல் நிபந்தனையோடு ஏற்றார்கள்.

அந்தக் கொஞ்சக் காலத்தை என்ன செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வலி தணிந்திருக்கும் வாரங்களில் அம்மா தொடைத் தசைக்குப் பயிற்சி செய்தால் மூட்டின் பாரத்தைத் தசை தாங்கும். கதிரையில் நிமிர்ந்து இருந்து, ஒரு காலை நேராக நீட்டி, பத்து வரை எண்ணிவிட்டு மெதுவாக இறக்க வேண்டும். ஒரு காலுக்குப் பத்துத் தடவை, காலையும் மாலையும். இதைச் செய்யாமல் ஊசி மட்டும் போட்டவர்கள் ஆறு மாதத்தில் மறுபடியும் என் வாசலில் நின்றார்கள். கன்னியா வெந்நீரூற்றில் குளித்தால் மூட்டுவலி குறையும் என்று எங்கள் தாய்மார் சொல்வதில் உண்மை இருக்கிறது. சூடு தசையை இளக்கும். ஆனால் பாதம் மரத்த நீரிழிவுக்காரர் சூட்டில் கவனமாக இருக்க வேண்டும், சுடுவது தெரியாமலே பொக்களித்துவிடும்.

தோள்மூட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் இந்தக் கரையில் இருந்துகொண்டு அதைச் சொல்லாமல் விட முடியாது. நிலாவெளியிலும் குச்சவெளியிலும் கரைவலை இழுப்பவர்கள் பலருக்கு ஐம்பது வயதில் தோள் பிடித்துவிடும். சட்டை போடக் கை தூக்க முடியாது, இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியாது. ஊசி போலி ஊசியைத் தெளிவாக வென்ற அரிய இடங்களில் தோள்வலி ஒன்று. ஜெர்மனியில் 424 பேரில் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சை முடிந்து மூன்று மாதத்தில் நல்ல பலன் கண்டவர்கள்: உண்மை ஊசியில் 65 வீதம், போலி ஊசியில் 24 வீதம், வழமையான சிகிச்சையில் 37 வீதம். என்னிடம் வந்த ஒரு வலைக்காரர் ஆறு முறை ஊசி போட்டபின் கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டி அழுதேவிட்டார். அடுத்த பருவம் முழுக்க வலை இழுத்தபின் வலி திரும்பியது உண்மைதான். மீண்டும் போட்டோம், பயிற்சியும் சேர்த்தோம். அவர் இன்றும் கடற்கரையில்தான் இருக்கிறார்.

கழுத்து நோ, முழங்கையின் வெளிப்பக்கத்து வலி ஆகியவற்றுக்கும் ஓரளவு பயன் உண்டு. நாரி, கழுத்து, தோள், முழங்கால், தலையிடி ஆகிய நீண்டகால வலிகளுக்கான 39 ஆய்வுகளிலிருந்து 20,827 நோயாளிகளின் விவரங்களை ஒன்றாகச் சேர்த்து 2018இல் கணக்கிட்டார்கள். ஊசியின் பலன் போலி ஊசியைவிடச் சிறிதளவே கூடியது, ஆனால் அது தற்செயல் அல்ல; ஒரு வருடம் கழித்தும் பலனின் பெரும்பகுதி நிலைத்திருந்தது என்பது முடிவு.

தலையிடிக்கு வருகிறேன். ஒற்றைத் தலையிடி அடிக்கடி வருபவர்களுக்கு ஊசியை நான் தயங்காமல் சொல்வேன். 22 ஆய்வுகளில் பங்கேற்ற 4985 பேரைச் சேர்த்து 2016இல் செய்த மீளாய்வில், ஊசி போட்டவர்களில் 41 வீதத்தினருக்குத் தலையிடி வரும் நாட்கள் பாதியாகக் குறைந்தன; ஊசி போடாதவர்களில் 17 வீதத்தினருக்குத்தான் அப்படிக் குறைந்தது. போலி ஊசியோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் உண்மை ஊசிக்கு 50 வீதம், போலி ஊசிக்கு 41 வீதம் என்று வேறுபாடு சுருங்கியது, ஆனாலும் இருந்தது. தினமும் மாத்திரை எடுக்க முடியாதவர்களுக்கு, பக்கவிளைவு தாங்காதவர்களுக்கு இது நல்ல வழி. ஐந்து முதல் எட்டு வாரத்துக்குள் பத்து முறை வரை என்பது இங்கிலாந்து சொல்லும் அளவு. பிடரி இறுகி வரும் சாதாரணத் தலையிடிக்கும் இதே அளவுதான். வாழ்க்கையில் முதன்முறையாக, இடி விழுந்தாற்போல் ஒரு தலையிடி வந்தால் மட்டும் ஊசி, ஒத்தடம் எதற்கும் நேரம் செலவழிக்காதீர்கள். அது மூளையில் இரத்தக்கசிவாக இருக்கலாம்.

ஆய்வாளர்களிடையே சண்டை மிகக் குறைந்த இடம் எது தெரியுமா? சத்தி. உள்ளங்கையை மேலே திருப்பி வையுங்கள். மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரல் அகலம் முழங்கைப் பக்கம் போனால், நடுவில் கயிறுபோல் இரண்டு தசைநாண்கள் தென்படும். அவற்றுக்கு இடையிலுள்ள பள்ளத்துக்குச் சீனர்கள் நெய்குவான் என்று பெயர் வைத்தார்கள். சத்திரசிகிச்சைக்குப் பின் வரும் குமட்டலுக்கு அந்த ஒரு புள்ளியில் ஊசியோ அழுத்தமோ கொடுத்துச் செய்த 59 ஆய்வுகளை, 7667 பேரை, 2015இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். குமட்டலும் சத்தியும் குறைந்தன. சத்தியை நிறுத்தும் மருந்துகளுக்குச் சமமாகவே வேலை செய்தது. 1997இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழுவும் சத்திரசிகிச்சை, புற்றுநோய் மருந்து ஆகியவற்றால் வரும் குமட்டலுக்கும், பல் பிடுங்கியபின் வரும் வலிக்கும் ஊசி பயனளிப்பதாக ஏற்றுக்கொண்டது. மகரகமவுக்குப் போய்ப் புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொண்டு, இரவு பஸ்ஸில் சத்தி எடுத்தபடி திருகோணமலைக்கு வருபவர்களுக்கு நான் இந்த இடத்தைப் பேனையால் அடையாளம் போட்டுக் கொடுப்பேன். பெருவிரலால் மூன்று நிமிடம் அழுத்தலாம். ஊசி வேண்டாம், காசும் வேண்டாம். மருந்துக்கு மேலதிகமாக இதைச் செய்ய வேண்டுமே தவிர, மருந்தை விட்டுவிட்டு அல்ல. புறாத்தீவுக்குப் படகில் போகும்போது மணிக்கட்டில் கட்டும் பட்டியும் இதே இடத்தைத்தான் அழுத்துகிறது. கடல் குமட்டலுக்கு அதன் ஆதாரம் பலவீனமானது.

புற்றுநோய் நோயாளிகளுக்கு வேறு சில உதவிகளும் உண்டு. மார்பகப் புற்றுநோய்க்கு ஹோர்மோனைத் தடுக்கும் மாத்திரை எடுக்கும் பெண்களுக்கு மூட்டெல்லாம் வலிக்கும். அந்த வலி தாங்காமல் மாத்திரையையே விட்டுவிடுவார்கள். 226 பெண்களில் செய்து 2018இல் வெளியான ஆய்வில் ஊசி அந்த வலியை ஓரளவு குறைத்தது. ஓரளவுதான், ஆனால் உயிர்காக்கும் மாத்திரையைத் தொடர்ந்து எடுக்க அது போதுமானால் நான் அதைச் சிறியது என்று சொல்லமாட்டேன். புற்றுநோயை ஊசி கரைக்கும் என்று யாராவது சொன்னால் அது குற்றம்.

ஒவ்வாமையால் வரும் மூக்கடைப்புக்கும் தும்மலுக்கும் சிலருக்குப் பலன் கிடைக்கிறது. மாதவிடாய் வலிக்கும் சிலர் நன்றாக இருக்கிறது என்கிறார்கள், ஆய்வுகள் உறுதியாக இல்லை. தீங்கு இல்லாததால் முயன்று பார்க்கலாம்.

இனி உதவாதவை. நீரிழிவைச் சொல்லிவிட்டேன். பிரஷர், தைரொயிட், தொய்வு, சிறுநீரக நோய் ஆகியவற்றில் மாத்திரைக்குப் பதிலாக ஊசி நிற்கும் என்று காட்டிய நல்ல ஆய்வு கிடையாது. குழந்தைப்பேற்றுக்காக ஊசி போடச் சொல்லிப் பெரும் காசு வாங்குகிறார்கள். சோதனைக்குழாய் முறையில் கருத்தரிக்க முயன்ற 848 பெண்களில் ஒரு ஆய்வு 2018இல் வந்தது: உண்மை ஊசியில் குழந்தை பிறந்தது 18.3 வீதம், போலி ஊசியில் 17.8 வீதம். சூலகக் கட்டிகளால் கருத்தரிக்காத 1000 பெண்களில் சீனாவிலேயே செய்த ஆய்வும் ஊசியால் குழந்தைப்பேறு கூடவில்லை என்று 2017இல் சொல்லிவிட்டது. பிள்ளைக்காக ஏங்கும் பெண்ணிடம் நகையை அடகு வைக்கச் சொல்வதை என்னால் பொறுக்க முடியவில்லை.

பாரிசவாதத்தில் நேரம்தான் எல்லாம். வாய் கோணி, கை சோர்ந்து, பேச்சு குழறினால் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அடைப்பைக் கரைக்கும் மருந்து நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்கப்பட வேண்டும். முகம் மட்டும் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும் முகவாதமும் அப்படித்தான். ஸ்டீரொயிட் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் முழுமையாகக் குணமாகும் வாய்ப்புக் கூடும். அந்த மூன்று நாளையும் ஊசியில் கழித்துவிட்டு நான்காம் நாள் வந்தவர்களைப் பார்க்கும்போது நெஞ்சு கனக்கும். மருந்து தொடங்கியபின் ஊசி போடுவதானால் போடட்டும்.

காய்ச்சலோடு உடம்பு உளைவதற்கும் ஊசி போடப் போகாதீர்கள். 2017இல் டெங்கு கிண்ணியாவை எப்படி உலுக்கியது என்பது எங்களுக்கு மறக்காது. டெங்குவில் குருதிச் சிறுதட்டுகள் குறைந்திருக்கும்போது தோலைக் குத்துவது ஆபத்து.

முறையாகக் கற்றவர் போட்டால் ஊசி பாதுகாப்பானதுதான். ஜெர்மனியில் 229,230 நோயாளிகளைப் பின்தொடர்ந்து பார்த்தபோது 8.6 வீதத்தினர் ஏதோ ஒரு பக்கவிளைவைச் சொன்னார்கள். பெரும்பாலும் சிறு இரத்தக்கசிவு, கண்டல். ஆனால் அவர்களில் இருவருக்கு நுரையீரலைச் சுற்றிக் காற்று நிரம்பியது. நெஞ்சிலும் தோள்பட்டை மேலும் ஆழமாகக் குத்தினால் அது நடக்கும். ஊசி போட்டபின் மூச்சு முட்டினால் இரவென்றாலும் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போட்டால் ஈரல் அழற்சி பி, சி பரவும். ஆகவே முத்திரையிட்ட பொதியை உங்கள் கண்முன் கிழித்து ஊசி எடுக்க வேண்டும், பயன்படுத்தியதைக் கூரிய கழிவுப் பெட்டியில் போட வேண்டும். "கொதிக்கவைத்து வைத்திருக்கிறோம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். வாபரின் போன்ற குருதி உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவருக்கு ஊசியில் மின்சாரம் இணைக்கக் கூடாது. கர்ப்பிணிகளும் சொல்லிவிட வேண்டும். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிலுள்ள இடம் முதலான சில புள்ளிகளை அவர்களுக்குத் தவிர்ப்பது மரபு.

யாரிடம் போவது? மருத்துவ சபையிலோ ஆயுர்வேத மருத்துவ சபையிலோ பதிவு பெற்று, அதற்கு மேல் ஊசியும் கற்றவரைத் தேடுங்கள். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. சுவரில் தொங்கும் வெளிநாட்டுச் சான்றிதழ்கள் சில நாள் பயிற்சியிலும் கிடைக்கும். நல்லவர் முதல் நாள் ஊசியைக் கையில் எடுக்குமுன் கிளினிக் கொப்பியைக் கேட்பார், என்ன மாத்திரை என்று பார்ப்பார், ஆறு முறைக்குள் பலன் தெரியாவிட்டால் நிறுத்துவோம் என்பார். 30 முறைக்கு முற்பணம் கேட்பவரும், காணொளியில் எல்லா நோயையும் ஒரே தொடுதலில் மாற்றுபவரும் உங்களுக்கு வேண்டாம்.

அம்மாவுக்கு இப்படிச் செய்யுங்கள். முதலில் அடுத்த கிளினிக் நாளில் முழங்காலுக்கு எக்ஸ்ரேயும், மூன்று மாதச் சர்க்கரையளவைக் காட்டும் குருதிப் பரிசோதனையும் கேளுங்கள். இரண்டு பாதத்தையும் விரல்களுக்கு இடையில் உட்படப் பார்க்கச் சொல்லுங்கள். பாதத்தில் உணர்வு குறைந்திருந்தால் அல்லது சர்க்கரை கட்டுப்படாமல் இருந்தால் பாதத்திலும் கணுக்காலுக்குக் கீழும் ஊசி போட வேண்டாம் என்று ஊசி போடுபவரிடம் சொல்லுங்கள். முழங்காலைச் சுற்றியும் நாரியிலும் போட்டால் போதும். கிளினிக்கில் பார்க்கும் வைத்தியரிடம் ஊசி போடப் போவதை மறைக்க வேண்டாம். வாரத்துக்கு இரண்டு முறை வீதம் ஆறு முறை. கூடவே அந்தக் கதிரைப் பயிற்சி.

பலனை அளப்பதற்கு "எப்படி இருக்கிறது அம்மா?" என்று கேட்க வேண்டாம், நீங்கள் காசு கட்டியதற்காகவே நல்லது என்று சொல்லிவிடுவார். தொடங்குமுன் ஒரு வெள்ளிக்கிழமை அவரோடு ஆதி கோணநாயகர் கோயில் பக்கம் நடந்து போங்கள். எந்த வீட்டு வாசலில் இருந்து இளைப்பாறுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆறாவது ஊசிக்குப் பின் அதே வழியில் மறுபடியும் நடந்து பாருங்கள். அந்த வாசலைத் தாண்டிப் போனால் இன்னும் நாலைந்து முறை போடலாம். அதே வாசலில் இருந்துவிட்டால் ஊசியை நிறுத்திவிட்டு, அந்தக் காசோடு திருகோணமலைப் பொது வைத்தியசாலைக்கு வந்து பிசியோதெரபிப் பிரிவில் காட்டுங்கள்.